நஷ்டம் யார் கணக்கில்?

காங்கேயம், வெள்ளக்கோயில், தாராபுரம் பக்கம் ரெண்டு மாடு, பத்துப் பன்னிரண்டு ஆடு, வாசலில் நாலு கோழி என்று வைத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு யோசனை சொல்ல இன்று ஆள் பஞ்சமே இல்லை. வங்கி மேலாளர் சொல்கிறார், பயிற்சி முகாமுக்கு வரும் ஆலோசகர் சொல்கிறார், தீவனக் கம்பெனி ஆள் சொல்கிறார், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் சொந்த மகனே சொல்கிறான்: “இந்தச் சில்லறை வேலை கட்டாது. ஒன்று இருபது மாடாக்குங்கள். இல்லாவிட்டால் விற்றுவிட்டு நிம்மதியாக இருங்கள்.” சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. காகிதத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். அந்தக் கூட்டல் கழித்தலில்தான் எனக்கு வழக்கு. கணக்கு தப்பு. தப்பான கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கிற ஒரு பிழைப்புக்குச் சாவுச் சான்றிதழ் எழுதுகிறார்கள்.

திண்ணைப் பேச்சாக மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். இது அரசுத் திட்டமாகவே ஆகிவிட்டது. தேசிய கால்நடை இயக்கத்தை மத்திய அரசு 2021இல் திருத்தி அமைத்தபோது, செம்மறி, வெள்ளாட்டுப் பண்ணை வைக்க முன்வருகிறவர்களுக்குப் பாதிச் செலவை மானியமாகத் தருவதாக அறிவித்தது. 500 பெட்டை, 25 கிடா வைத்தால் 50 லட்சம் ரூபாய் வரை மானியம். அந்த ஏணியின் கடைசிப் படியே 100 பெட்டை, 5 கிடா. பத்து ஆட்டுக்காரர் கால் வைக்க அதில் இடமில்லை. இன்னொரு பக்கம், தமிழக அரசு 2011 முதல் ஏழைப் பெண்களுக்கு விலையில்லா ஆடுகளும் கறவை மாடுகளும் கொடுத்தது. ஆக, பெரியவர் ஆடு வைத்தால் அதற்குப் பெயர் முதலீடு, ஏழை வைத்தால் தர்மம். நடுவில் சொந்தக் காசில் சொந்தக் காட்டில் வைத்திருப்பவருக்குக் கிடைப்பது அறிவுரை.

அவர்கள் போடும் கணக்கை அப்படியே போட்டுப் பார்ப்போம். ஒரு கலப்பின மாடு நாளுக்கு 8 லிட்டர் கறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை 32 ரூபாயிலிருந்து 35 ஆக்கியது. அந்த 35ஐயே பிடித்துக்கொண்டால் வரவு 280 ரூபாய். உடம்பைத் தாங்க ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் தீவன அளவு. அப்படிப் பார்த்தால் 4.7 கிலோ; கிலோ 30 ரூபாய் என்றால் 141. மிச்சம் 139 ரூபாய். இப்போது ஆலோசகர் பேனாவை உருட்டுகிறார்: “ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் மாட்டோடு போகிறதே, அதற்குக் கூலி?” மணிக்கு 50 என்று போட்டால் 150. பதினோரு ரூபாய் நஷ்டம். பால் வற்றிய மாதங்களையும் வைத்தியச் செலவையும் சேர்த்தால் பள்ளம் இன்னும் ஆழம். “பார்த்தீர்களா?” என்கிறார்.

பார்த்தோம். அந்த மூன்று மணி நேரம் எப்படிப்பட்ட நேரம் என்பதையும் அவர் கொஞ்சம் பார்க்கட்டும். விடிகாலை ஐந்துக்குக் கட்டுத்தரையில் சாணி வழித்து, தண்ணீர் காட்டி, கன்றைக் கொஞ்சம் ஊட்டவிட்டு மாட்டைச் சுரப்பு விடச் செய்து, கன்றை இழுத்துக் கட்டிவிட்டுக் கறக்க முக்கால் மணி. எட்டு மணிக்குக் காட்டுக்குப் போகையில் கூடவே ஓட்டிப்போய் வரப்போரத்து வேப்ப மரத்தில் கட்ட ஐந்து நிமிடம். நிழல் நகர்ந்ததும் இடம் மாற்றிக் கட்ட இன்னொரு ஐந்து நிமிடம். களை வெட்டித் திரும்பும்போது தலையில் வரும் புல் கட்டு, வெட்டிய களைதான். அதற்கென்று தனி நேரம் கிடையாது. சாயங்காலம் மறுபடி கறவை. படுக்கப் போகுமுன் கையில் டார்ச்சோடு ஒரு நடை. இந்தத் துண்டு துக்காணியை எல்லாம் சேர்த்துக் கட்டி எந்த மில்லில் விற்பது? திருப்பூர் பனியன் கம்பெனி ஷிஃப்டு நேரத்தை வாங்கும். ஐந்து மணியிலிருந்து ஐந்தே முக்கால்வரை உள்ள நேரத்தையும், பதினோரு மணிக்கு ஓர் ஐந்து நிமிடத்தையும் எந்தக் கம்பெனியும் வாங்காது. ஒரு மணி நேரத்தை வேறு வேலைக்குக் கொடுத்தால் என்ன கிடைக்குமோ அதுதான் அதன் விலை என்று பொருளியல் பாடம் சொல்கிறது. அந்தப் பாடத்தின்படியே பார்த்தாலும் மணிக்கு 50 ரூபாய் என்பது கற்பனை விலை.

இதைச் சொன்னதும் “அப்படியானால் வீட்டுப் பெண்ணின் உழைப்பு இலவசமா?” என்று கேள்வி வரும். இலவசம் இல்லை. அந்தக் கேள்விக்குத் திரும்பி வருவேன். இந்த வழக்கில் கனமான கேள்வி அது ஒன்றுதான். முதலில் கணக்கின் மற்ற ஓட்டைகளைப் பார்த்துவிடுவோம்.

இரண்டாவது ஓட்டை, மாட்டைப் பால் இயந்திரமாக மட்டும் எண்ணுவது. ஒரு மாடு நாளுக்குப் பத்துப் பதினைந்து கிலோ சாணி போடுகிறது. பெரும்பாலான பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் போடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம்; ஏக்கருக்கு ஐந்து டன். எருக்குழி நிறைந்திருக்கும் வீட்டுக்கு அந்தச் சிபாரிசு நடக்கிற காரியம். மாடு இல்லாதவருக்கு அது லாரி வாடகையோடு வரும் பில். மாட்டை விற்றுவிட்டு நிம்மதியாக இருக்கச் சொன்ன ஆலோசகர் இந்தப் பில்லைத் தன் காகிதத்தில் எங்கேயும் எழுதவில்லை. சோளத்தட்டும் கடலைக் கொடியும் அப்படித்தான். தின்ன வாய் இருந்தால் அது தீவனம். இல்லாவிட்டால் காட்டைச் சுத்தம் செய்யக் கூலி கொடுத்து அப்புறப்படுத்த வேண்டிய குப்பை.

ஒரே மாட்டுக்கு இரண்டு கணக்கு எழுத முடியும் என்பதை அரசின் புள்ளிவிவரமே காட்டுகிறது. தேசிய மாதிரி ஆய்வின் 77ஆவது சுற்று, 2018-19க்கான விவசாயக் குடும்பங்களின் நிலையைக் கணக்கெடுத்தது. கையைவிட்டுப் போன காசை மட்டும் செலவாகப் பிடித்தால், சராசரி விவசாயக் குடும்பத்தின் மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து 3,798, கால்நடையிலிருந்து 1,582. கைக்காசு போகாத செலவுகளுக்கும், அதாவது சொந்தக் காட்டில் விளைந்த தட்டு, புல் போன்றவற்றுக்கும், ஒரு மதிப்புப் போட்டால் கால்நடை வருமானம் 441 ஆகச் சுருங்குகிறது. மாடு அதே மாடு, வீடு அதே வீடு. முதல் கணக்கில் மளிகைக் கடைக்குப் போகிற பணம் தெரிகிறது; இரண்டாவதில் சந்தைக்கே போகாத தட்டுக்குச் சந்தை விலை போட்டுக் கழித்திருக்கிறார்கள். இரண்டாவதுதான் உண்மையானது என்று அடம்பிடிப்பவர்கள், அந்தக் கணக்கிலும் மீதி கழித்தலுக்குப் போகவில்லை என்பதையாவது படிக்கட்டும்.

மூன்றாவது ஓட்டை, காலம். பயிர் வருமானம் அறுவடைக்கு அறுவடை வருவது. கல்லூரிக் கட்டணம் ஜூன் மாதம் வரும், ஆஸ்பத்திரிச் செலவு சொல்லாமல் வரும், சீர் செய்முறை முகூர்த்தம் பார்த்து வரும். வெள்ளாடு ஐந்து மாதச் சினையில் குட்டி போடுகிறது, நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று; பல சமயம் இரட்டைக் குட்டி. எந்தக் குட்டியை எப்போது சந்தைக்கு ஓட்டுவது என்பதை வீட்டுக்காரரே தீர்மானிக்கிறார். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அப்படி ஒரு வருடத்தில் பயிர்க்கணக்கு மொத்தமும் பூஜ்யம். எல்லோரும் ஒரே சந்தைக்கு மாட்டை ஓட்டினால் விலை விழத்தான் செய்யும். ஆனால் விழுந்த விலைக்காவது விற்க ஏதோ ஒன்று இருந்த வீட்டுக்கும், கந்து வட்டிக்காரர் வாசலில் போய் நின்ற வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் லிட்டர் கணக்கில் வராது.

இந்தப் பகுதியில் கொறங்காடு என்று ஒன்று உண்டு. கொங்கு நாட்டுக்கு வெளியே பலருக்குத் தெரியாது. மானாவாரி நிலத்தை உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்டு, சுற்றிலும் கிளுவை முள்வேலி நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரமும் வளர விடுவார்கள். காட்டைப் பல துண்டாக வேலியால் பிரித்து, ஒரு துண்டு மேய்ந்து முடிந்ததும் படலைத் திறந்து அடுத்த துண்டுக்கு விடுவார்கள். மேய்ந்த துண்டு தழைக்க அவகாசம் கிடைக்கும். கோடையில் புல் காய்ந்த பிறகு வெள்வேலங்காய் உதிரும், செம்மறிகள் அதைப் பொறுக்கித் தின்று காலம் தள்ளும். ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்யும் கரிசலற்ற வறண்ட பூமியில் வேறெந்தப் பயிரும் இந்த நம்பிக்கையைத் தராது.

இதில் ஆலோசகர்கள் கவனிக்க வேண்டியது அழகை அல்ல, ஆள் செலவை. கிளுவை வேலி அடைப்பாக இருந்தால் ஆட்டுக்கு மேய்ப்பவர் வேண்டாம். காலையில் படலைத் திறந்து விட்டு, சாயங்காலம் பட்டிக்கு ஓட்டிவந்தால் போதும். ஆள் கிடைக்கவில்லை, அதனால் இயந்திரம் வேண்டும், இயந்திரத்துக்குக் கடன் வேண்டும், கடனைக் கட்ட இருபது மாடு வேண்டும் என்று பின்னுகிறார்களே ஒரு சங்கிலி, அதன் முதல் கண்ணியை இந்த வேலி பல தலைமுறைக்கு முன்பே அறுத்துவிட்டது. இன்றைக்கு நிலைமை என்ன? கொறங்காடு கணக்கில் தரிசு என்று தெரிகிறது. தரிசு என்றால் மனைக்கு விற்கலாம், சூரிய மின்தகடு பதிக்கக் கொடுக்கலாம். மேய்ச்சல் நிலத்தைப் பிடுங்கிவிட்டு, தீவனம் விலைக்கு வாங்கினால் மாடு கட்டாது என்று தீர்ப்புச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

அடுத்து, கண் என்ற ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. மாடு பருவத்துக்கு வருவது 21 நாளுக்கு ஒரு தடவை. ஒரு நாள்கூட முழுசாக நிற்காது. காலையில் கண்டால் சாயங்காலம் ஊசி போட வேண்டும், சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை. தவறவிட்டால் இன்னும் 21 நாள் தீனி தண்டம். ரெண்டு மாடு வைத்திருக்கும் அம்மா இதை எப்படிக் கண்டுகொள்கிறார்? ராத்திரி மாடு இரண்டு தடவை கத்தியது. காலையில் கறவை அரை லிட்டர் குறைந்தது. தீனியில் வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கிறது. பின்னால் வழும்பு தெரிகிறது. காபி குடித்து முடிப்பதற்குள் சினை ஊசிக்காரருக்குப் போன் போய்விடும். நோயும் அப்படித்தான். மூக்கு நுனி ஈரம் காய்ந்திருக்கிறது, அசை போடவில்லை, காது தொங்குகிறது, ஒரு காம்பு மட்டும் சூடாக இருக்கிறது என்று மடிநோய் முற்றுமுன்னே பிடித்துவிடுகிறார். சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்து மடியில் பூசும் வைத்தியம், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி போன்றவர்களின் உழைப்பால் இன்று நாடு முழுக்கப் போயிருக்கிறது. ஆனால் எந்த மருந்தும் நேரத்தோடு கண்டால்தான் கேட்கும்.

மாடு ஐந்நூறு ஆனால் இந்தக் கண் வேலை செய்யாது. எந்த மாடு நேற்று எப்படி நின்றது என்று யாருக்கும் நினைவிருக்காது. அதனால்தான் பெரிய பண்ணைகளில் மாட்டின் கழுத்துக்குப் பட்டை மாட்டி, எத்தனை அடி நடந்தது, எவ்வளவு நேரம் அசை போட்டது என்று கணினியில் பதிகிறார்கள். நல்ல கருவிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டைக்கு அவர்கள் கொடுக்கும் விலை தொழில்நுட்பம் என்று மரியாதையாகப் பதிவாகிறது. அதே வேலையைச் செய்யும் அம்மாவின் கண், “கூலி, மணிக்கு 50, நஷ்டம்” என்று பதிவாகிறது.

சரி, சொன்னபடி கேட்டு ஒரு குடும்பம் இருபது மாட்டுக்குப் போகிறது. என்ன நடக்கும்? ஒரு முகாமில் வங்கியிலிருந்து வந்தவர் இப்படித்தான் கடன் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்து, “ஏனுங்க, கடன் நீங்க குடுப்பீங்க. இருவது மாட்டுக்கும் தட்டு எங்கிருந்துங்க வரும்?” என்றார். கூட்டம் சிரித்தது, பதில் வரவில்லை. அந்தக் கேள்வியில் எல்லாம் அடங்கியிருக்கிறது. ரெண்டு மாட்டுக்கு வரப்புப் புல்லும் சொந்தத் தட்டும் போதும். இருபதுக்கு ஏக்கர் கணக்கில் கோ-4, கோ-5 புல் போட வேண்டும், அதற்குக் கிணற்றில் தண்ணீர் வேண்டும். தட்டு லாரியில் வர வேண்டும். கொட்டகை, கறவை இயந்திரம், புல் வெட்டும் இயந்திரம், குடியிருக்க இடம் கொடுத்து வைக்கும் ஆள். ரெண்டு மாட்டில் காசு போகாமல் நடந்த ஒவ்வொன்றும் இருபதில் பில்லாக வருகிறது. பால் விலை மட்டும் லிட்டருக்கு அதே 35. மழை பொய்த்த வருடம் ரெண்டு மாட்டுக்காரர் ஒன்றை விற்றுவிட்டு ஒன்றை வைத்துத் தாங்குவார். தவணை கட்ட வேண்டியவரால் தாங்க முடியாது. மாடு வற்றினாலும் வட்டி வற்றாது.

“உலகமெல்லாம் அப்படித்தான் போகிறது” என்பார்கள். போகிற இடத்தைக் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்காவில் 2003இல் சுமார் 70,000 பால் பண்ணைகள் உரிமம் பெற்று நடந்தன. 2023இல் அது சுமார் 26,000. அங்கே கறவை மாடுகளின் எண்ணிக்கை இந்த இருபது வருடமும் 90 லட்சத்தை ஒட்டியே இருந்தது. மாடு குறையவில்லை, மாடு வைத்திருந்த வீடுகள் குறைந்தன. தேசத்துக்குப் பால் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதை விற்றுப் பிழைத்த 44,000 குடும்பங்கள் அந்தத் தொழிலில் இல்லை. இதற்கு வளர்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரிதானால் நோய்க்கும் ஆபத்துக்கும் பாதுகாப்பு என்பதும் நிற்காத வாதம். 2023 ஏப்ரலில் டெக்சாஸில் டிம்மிட் என்ற ஊர் அருகே ஒரே பண்ணையில் ஏற்பட்ட வெடிப்பிலும் தீயிலும் சுமார் 18,000 மாடுகள் செத்தன. அடுத்த ஆண்டு மார்ச்சில் அதே டெக்சாஸிலும் கன்சாஸிலும் கறவை மாடுகளில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. பண்ணைக்குப் பண்ணை லாரியில் மாடு ஏற்றிப்போன வழியில் அது மாநிலம் விட்டு மாநிலம் தாவியது.

இதற்கு நேர் எதிரான பாதை ஒன்று இருந்தது. அதைப் போட்டவர்கள் நாம்தான். 1946இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். பிறகு வர்கீஸ் குரியன் தலைமையில் 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் அந்த அமைப்பை நாடு முழுக்க எடுத்துப் போனது; தமிழ்நாட்டில் ஆவின் அதன் வாரிசு. குரியன் யாரையும் இருபது மாடு வாங்கச் சொல்லவில்லை. ரெண்டு லிட்டர் கொண்டுவருபவரிடமும் ஊருக்குள்ளேயே அளந்து வாங்கி, கொழுப்புச் சத்தைப் பார்த்துக் காசு கொடுத்து, குளிரூட்டும் நிலையத்தையும் லாரியையும் ஆலையையும் பெரிதாக்கினார். பால் சில மணி நேரத்தில் கெட்டுப்போகும் பண்டம். அதைக் குளிரவைப்பதிலும் ஏற்றிப்போவதிலும் விற்பதிலும்தான் பெரிய அளவின் பலன் இருக்கிறது, கட்டுத்தரையில் இல்லை. இந்த ஏற்பாட்டில்தான் இந்தியா 1998இல் அமெரிக்காவை முந்தி உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடானது. கட்டாது என்று தள்ளப்படுகிற ரெண்டு மாட்டுக்காரர்களை வைத்துத்தான் அந்த இடத்தைப் பிடித்தோம். கைமேல் இருக்கும் இந்த ருசுவுக்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றுவது வாதமாகாது.

எதிர்க்கட்சியில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தரம் பற்றிய கவலை நியாயமானது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நடத்திய பால் ஆய்வில் எடுத்த 6,432 மாதிரிகளில் ஆபத்தான கலப்படம் இருந்தவை 12தான். ஆனால் 368 மாதிரிகளில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு வரம்பை மீறி இருந்தது, அந்தப் பட்டியலில் தமிழ்நாடு முன்னணியில் நின்றது. பூஞ்சை பிடித்த புண்ணாக்கும் ஈரம் ஏறிய தீவனமும்தான் இதற்கு வழி. ரெண்டு மாட்டுக்காரரும் அந்தப் புண்ணாக்கை வாங்குகிறார்தான். ஆனால் மருந்து தீவனக் கடையிலும் கிடங்கிலும் சோதனை நடத்துவதில் இருக்கிறது. மாட்டு எண்ணிக்கையைக் கூட்டினால் பூஞ்சை போகாது. ஒரு லிட்டர் பாலுக்கு இவ்வளவு மீத்தேன் என்ற வாதமும் அப்படித்தான் பாதி சரி. கறவை குறைந்த மாடு லிட்டர் கணக்கில் அதிகம் வெளியேற்றுகிறது. ஆனால் எருவும் உழவும் கன்றும் கொடுக்கும் ஜீவனின் மொத்தப் பழியையும் பால் தலையில் மட்டும் கட்டினால் எண் பெரிதாகத்தான் வரும்.

நோய் விஷயத்தில் சிறியவரின் ஆபத்து நிஜம். 2022இல் தோல் கழலை நோய் நாட்டில் லட்சத்துக்கு மேல் மாடுகளைக் கொன்றது. ஐந்நூறில் ஒன்று செத்தால் சதவீதம், ரெண்டில் ஒன்று செத்தால் அந்த வீட்டில் ஒரு வாரம் அடுப்பு எரியாது. ஆனால் இதிலிருந்து வர வேண்டிய முடிவு, வீட்டுக்கு வீடு தடுப்பூசியும் ஒழுங்கான காப்பீடும் வேண்டும் என்பது. அதை விட்டுவிட்டு, ஆபத்தில் இருப்பவரையே தொழிலை விட்டுப் போ என்கிறார்கள்.

என் பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளும் சிலரையும் இங்கேயே வழியனுப்பிவிடுகிறேன். தோட்டத்தில் கயிற்றுக் கட்டில் போட்டு, பக்கத்தில் நாட்டு மாட்டைக் கட்டி, வாழ்க்கை என்றால் இதுதான் என்று வீடியோ போடுகிறவர்கள். சிவப்பாகப் பிறக்கும் காங்கேயம் கன்று ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதைப் படம் பிடித்துப் போட்டால் லட்சம் பேர் பார்ப்பார்கள். அதே கன்று கழிந்து துவண்டு கிடக்கும் ராத்திரியை யாரும் பார்க்க மாட்டார்கள். மாடு வைத்த வீட்டில் பொங்கலுக்கும் லீவு கிடையாது, சொந்தத் தங்கை கல்யாணத்துக்குப் போனாலும் சாயங்காலக் கறவைக்குத் திரும்பியாக வேண்டும். இந்த வாழ்க்கை நிம்மதி என்று நான் வாதாடவில்லை. இது ஒரு தொழில். தொழிலுக்குரிய கூலி வேண்டும் என்றுதான் வாதாடுகிறேன். நிம்மதி என்று பேசுகிறவரும் நஷ்டம் என்று பேசுகிறவரும் ஒரு விஷயத்தில் ஒன்று: இரண்டு பேருமே அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது ஒத்திவைத்த கேள்வி. வீட்டுப் பெண்ணின் உழைப்பு. சாணி வழிப்பதும் கறப்பதும் புல் சுமப்பதும் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய மூன்று மணி நேரத்தைப் பனியன் கம்பெனி வாங்காது என்று சொன்னேன். வாங்க ஆளில்லை என்பதால் அந்த நேரம் மதிப்பில்லாததாகிவிடாது. அந்த உழைப்பைத் தின்றுதான் பட்டணத்துக்காரரின் காபி இந்த விலையில் நிற்கிறது. ஆலோசகர் கண்டுபிடித்த நஷ்டம் உண்மையில் யாரோ ஒருவருக்குப் போய்ச் சேர்ந்த லாபம். கூலியைச் செலவு என்று எழுதிக் காட்டிய அதே பேனா, “அப்படியானால் பால் விலையை ஏற்றிக் கொடுங்கள்” என்ற வரியை எழுதாமல், “மாட்டை விற்றுவிடுங்கள்” என்று எழுதுகிறதே, அங்கேதான் கணக்கு அரசியலாகிறது. பஞ்சாலை முதலாளி கூலியைக் கழித்தபின் நஷ்டம் காட்டினால் நூல் விலையை ஏற்றுவார். பாலில் மட்டும் கறந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்.

ஆகவே சிறிய கட்டுத்தரையைக் காப்பாற்ற வேண்டும் என்று உண்மையாகவே நினைப்பவர்கள் செய்ய வேண்டியது பெரிய ரகசியமில்லை. தீவன விலை ஏறும்போதெல்லாம் கொள்முதல் விலையும் தானாக ஏறும் ஏற்பாடு வேண்டும். விவசாயிகள் பாலைச் சாலையில் கொட்டிய பிறகு ஏற்றும் வழக்கம் ஒழிய வேண்டும். பால் சொசைட்டியில் உறுப்பினர் அட்டையும் பாஸ்புக்கும் கறக்கிறவர் பெயரில் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் பெயரில் காசு போவது நிற்க வேண்டும். கொறங்காட்டை மேய்ச்சல் நிலம் என்றே வருவாய்க் கணக்கில் எழுத வேண்டும். ஆட்டு மானியத்தின் முதல் படி பத்து ஆட்டில் தொடங்க வேண்டும். கிராமக் கால்நடை மருந்தகத்தில் மருத்துவர் இடம் காலியாகக் கிடக்கக் கூடாது. இவற்றையெல்லாம் செய்து பார்த்த பிறகும் ரெண்டு மாடு கட்டவில்லை என்றால் அப்போது வாருங்கள், பேசுவோம்.

அதுவரை அந்த அம்மாவிடம் “ஏன் இன்னும் ரெண்டு மாட்டையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?” என்று கேட்க யாருக்கும் யோக்கியதை இல்லை. கேட்கத்தான் வேண்டும் என்றால் வேறு கேள்வி இருக்கிறது: “லிட்டருக்கு எவ்வளவு கொடுத்தால் உங்கள் மூன்று மணி நேரத்துக்கும் கூலி தேறும்?” அவர் காகிதம் பேனா எடுக்காமலே தொகையைச் சொல்வார். அதைக் கொடுக்க நாம் தயாரில்லை என்றால், நஷ்டம் நாம் ஏற்படுத்தியது என்று ஒப்புக்கொள்வோம்.